சின்னவள் வரும் கட்டம்

கடைசி வரிசையில், தூண் மறைக்கிற இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள் சின்னவள். முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கடைசி வரிசையில் எவன் கொட்டாவி விட்டாலும் மேடையிலிருந்தே அடையாளம் வைத்துக்கொள்கிற கண் அப்பாவுக்கு.

வாசல் சுவரொட்டியில் அவர் முகம் மட்டும் இருந்தது. 'என் கதை, நானே சொல்கிறேன்' என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினைந்து வருடங்களுக்கு முன், அப்பாவின் சொந்தக் குழு போட்ட பெரிய நாடகத்தில் அவள்தான் கதாநாயகி. திரை தூக்கப் போகிற நேரத்தில் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். குழுவுக்கு விளக்குப் போடுகிறவனும் அவளோடு போனான். இருட்டு மேடையில் தனியாக நின்ற அப்பா ஊர் வாயில் விழுந்தார். குழுவும் அதோடு கலைந்தது. பிறகு அவள் ஃபோன் செய்தபோது, எனக்கு ஒரே பொண்ணுதான் என்று சொல்லி ஃபோனை வைத்தவர், வைத்தவர்தான்.

இன்று அத்தனை பேருக்கு நடுவில் அந்தக் கட்டம் வரும். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உள்ளே போய் அவரைப் பார்ப்பது; இல்லையென்றால் இனி இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அந்த முடிவோடுதான் வந்திருந்தாள்.

பக்கவாட்டு வழியாக உள்ளே வரும்போதே, ஒருக்களித்திருந்த ஒப்பனை அறைக் கதவுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டிருந்தது.

"இந்த ஆளு இந்த எடத்துல அழுதுட்டுப் பேசுவானா, பேசிட்டு அழுவானா?"

அக்கா ஏதோ பதில் சொன்னாள். ராஜாவோ திருடனோ, எந்த வேஷத்தையும் அப்பா 'இந்த ஆளு' என்றுதான் சொல்வார். நாடகக்காரர்கள் பலருக்கும் உள்ள பழக்கம் அது. சொந்தக் கதையிலுமா என்று சின்னவள் கசப்போடு சிரித்துக்கொண்டாள்.

மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை. முதல் நாடகத்தில் ஒட்டுத்தாடி கழன்று எதிராளியின் தோளில் விழுந்ததை அப்பா நடித்துக் காட்ட, அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அம்மா இறந்ததைச் சொன்னபோது ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பக்கத் திரையின் ஓரம் அக்கா நாடகப் பிரதியோடு நின்றிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் உதடும் கூடவே அசைந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

"அப்புறம், என் சின்னப் பொண்ணு" என்று சொல்லி நிறுத்தினார்.

அவள் தூணின் மறைவுக்குள் இன்னும் ஒதுங்கினாள்.

"விளக்குப் போடறவனையே கூட்டிட்டுப் போயிட்டா. மேடைல வெளிச்சம் எங்கேருந்து வரும்?"

அரங்கம் சிரித்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. சிரிப்பு அடங்கும்வரை அப்பா காத்திருந்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஊருக்கே கேக்குற மாதிரி அவளத் திட்டினேன். ஆனா அன்னையிலேருந்து எங்க வீட்டுக் கதவுக்குத் தாழ் போட்டதே இல்ல. அவ திரும்பி வந்தா, தட்டிக்கிட்டு வெளிய நிக்கக் கூடாது பாருங்க."

முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

கைதட்டல் ஓய்வதற்குள் ஒப்பனை அறைக்கு ஓடினாள். வாசலில் அக்கா. ஒரு கணம் திகைத்து, கட்டிக்கொண்டாள். ஆனால் வழிவிடவில்லை.

"இன்னிக்கு வேணாம்டி. நாளைக்கு வீட்டுக்கு வா, ஒக்காந்து பேசலாம்."

"நாளைக்கு, நாளைக்குன்னுதான் இத்தன வருஷம் போச்சு. நகருக்கா."

"சொல்றதக் கேளு. அப்பா இப்ப..."

கேட்கிற நிலையில் அவள் இல்லை. அக்காவின் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். துண்டால் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, முகக்கவசத்தைக் கழற்றினாள். அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அவள் முகத்தையே நிதானமாகப் பார்த்தார். அவர் கண்களும் கலங்கின. இன்னொரு கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நீங்களும் அழுதுட்டீங்களாம்மா? அந்த எடம் வந்தா எனக்கே தாங்காது."

துண்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பாவம் அந்தச் சின்னப் பொண்ணு. யாரு பெத்த புள்ளையோ."