ஆஸ்பத்திரி விளக்கு

“இன்னும் சிவப்புதானா தம்பி?”

“சிவப்புதான் அண்ணி” என்றான் கொழுந்தன், கணினியை விட்டுத் தலையைத் தூக்காமல். கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் ஆஸ்பத்திரிக்கு நேரே எரிந்த புள்ளியை அவள் வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் இணையக் கேபிள் சுரங்கப்பாதைக்குள் அறுந்து போயிருந்தது. அதை ஒட்டத்தான் அவள் புருஷன் காலையில் உள்ளே இறங்கினான். பின்னாலேயே மண் சரிந்து வழியை மூடிவிட்டது. அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவளுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. “வெளக்கு பச்சையாச்சுன்னா உன் புருஷன் வேலைய முடிச்சிட்டான்னு அர்த்தம்” என்பான் புருஷன். பச்சை விழுந்ததும் கொழுந்தன் வீட்டுக்கு போன் போடுவான், அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

“அந்த எறும்புக் கதையாவது சொல்லுங்க தம்பி.”

கொழுந்தன் எழுதிய புது புரோகிராமுக்கு வீட்டில் அதுதான் பேர். “என் சோத்துல மண்ணப் போடப் பாக்குறியேடா!” என்று அண்ணன்காரன் கேலி செய்யாத நாளில்லை. மழையில் அண்ணன் குழியில் இறங்கக் கூடாதென்றுதான் தம்பி ராப்பகலாக எழுதினான். மேலிடம் அதை ஓடவிடச் சொன்னதோ, அவன் மாட்டிக்கொண்ட பிறகு. நல்ல நேரம் பார்த்தார்கள், போங்கள்!

“எறும்பு போற பாதையில வாசனை விட்டுட்டுப் போகும்ல அண்ணி? அது மாதிரி சின்னச் சின்னத் தகவலா எல்லாக் கேபிள்லயும் அனுப்பியிருக்கேன். போனது திரும்பி வந்தா அந்த வழியில வாசனை ஏறும், இணையமும் அந்த வழியாவே ஓடும். வரலேன்னா...”

“வரலேன்னா?”

“கொஞ்சம் கொஞ்சமா வாசனை போயிரும்.” 

சட்டென்று புள்ளி பச்சையானது. “ஆஸ்பத்திரி வந்துருச்சு!” என்று சூப்பர்வைசர் கத்தினார். அறையே எழுந்து கைதட்டியது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “பாத்தீங்களா தம்பி! உள்ள உக்காந்துக்கிட்டே ஒட்டிட்டாரு! எமகாதகன்! காலைல வெறும் வயித்தோட போன மனுஷன், பசியில வருவாரு. நான் போய் அடுப்பப் பத்த வைக்கிறேன்.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கொழுந்தன் மட்டும் கைதட்டவில்லை. பச்சைக் கோடு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து வந்து அவள் பையைப் பிடித்து நிறுத்தினான். 

“உக்காருங்க அண்ணி. இது பாலத்து மேல போற வேற கேபிள் வழியா வந்த பச்சை. அண்ணன் போன வழிய எறும்பு மறந்துருச்சு.”