ஆறிப்போன பிளக்

பைக் பந்தயத்துக்கு முன் இன்ஜினைச் சூடாக்கிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு வேறு பிளக் மாட்ட வேண்டும். மாட்டாமல் விட்டால் பாதி ஓட்டத்தில் பிஸ்டன் உருகி, சக்கரம் இறுகி, ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் இந்தப் பந்தயப் பருவம் முழுக்க மெக்கானிக் பால்துரை, மாற்றியதற்கு அடையாளமாக, கழற்றிய பிளக்கை விரலை ஊதிக்கொண்டே பைக் ஓட்டும் ரொசாரியோவின் உள்ளங்கையில் வைப்பான். சுடும்.

இன்று கடைசிப் பந்தயம், ஜெயித்தால் பட்டம். அடுத்த வருஷம் எதிரணிக்குப் போகப்போகிற பால்துரை வைத்த பிளக் ஜில்லென்றிருந்தது.

"மாத்திட்டியாடா?"

"என்னண்ணே, புதுசா கேக்குறீங்க? குளிர் காத்துல ஆறிப்போச்சு."

கொடி இறங்கியது. மற்றவர்கள் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஓடினார்கள்.

"விரலை ஊதலியே நீ," என்றான் ரொசாரியோ.

பால்துரை அப்போதுதான் விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினான்.