நாவலில் ஒரு தப்பு

திருப்பூர் புத்தகக் கண்காட்சி. எழுத்தாளரின் மேசையில் ஓர் அட்டை இருந்தது: ‘நாவலில் ஒரு தப்பு இருக்கிறது. சொல்பவருக்கு ஒரு பிரதி இலவசம்.’

நாவலைப் படித்துவிட்டு, பனியன் கம்பெனி மேனேஜர் தங்கராசு உற்சாகமாக வந்தார்.

“அச்சு அசலா எங்க நெருப்பெரிச்சல் ஊரேதானுங்க! டீக்கடை பெஞ்சு ஆடறதைக்கூட உடலீங்களே!”

“தப்பு கிடைச்சுதா சார்? மூணு நாளா ஒருத்தரும் சரியா சொல்லல.”

“உள்ளூர்க்காரன்கிட்டயேங்களா? கெணத்துல கெடந்த பொண்ணுக்கு இடது கால் கொலுசு காணோம்னு எழுதியிருக்கறீங்க. காணாமப் போனது வலது கால் கொலுசுங்க.”

“இது கதைதானே சார்?”

“நாலு வருசத்துக்கு முந்தி நெசமா நடந்ததுங்க. எங்க கம்பெனிப் பொண்ணு, தற்கொலை. ஊரே பார்த்துச்சுங்களே!”

எழுத்தாளர் பேனாவை மூடினார்.

“ஊர் பார்த்தப்போ ரெண்டு கால்லயும் கொலுசு இல்ல சார். அதுக்கு முந்தியே, சொந்த ஊர்லேருந்து மகளைத் தேடி வந்த அப்பன்தான் முதல்ல கிணத்துல இறங்கினான். மிச்சமிருந்த இடது கால் கொலுசைக் கழத்தி மடியில வச்சுக்கிட்டுத்தான் மகளைத் தூக்கினான். யார்கிட்டயும் சொல்லல.”

தங்கராசுவின் முகம் வெளுத்தது. “அது உங்களுக்கு எப்படீங்க...?”

எழுத்தாளர் சட்டைப் பையிலிருந்து ஒற்றைக் கொலுசை எடுத்து மேசையில் வைத்தார்.

“நான்தான் அந்த அப்பன். இதோட ஜோடி எங்க சார்?”