மறுநாள் காலை

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: பயிற்சி கொடுக்க வந்த மேடம், கோர்ட் செய்தி எழுதும் பெரியவர், டி.வி.யிலிருந்து இரண்டு பெண்கள், ரேடியோத் தம்பி, போட்டோக்காரர், பத்திரிகையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத சின்னப்பெண், கடைசி நாற்காலியில் விளையாட்டுப் பக்கம் எழுதும் அண்ணன். மொத்தம் எட்டுப் பேர்.

சண்டையைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் எழுதும்போது பெண்களைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்பதுதான் பாடம்.

"பொண்ணுன்னா அழுகைன்னு எழுதற பழக்கத்தை இன்னியோட விட்டுடுங்க," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மேடம்.

அடுத்த வாரம், பல வருஷச் சண்டைக்குப் பிறகு, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இரண்டு தரப்பும் சமாதானம் பேச உட்காருகிறார்கள். பயிற்சிக்கு வந்த ஏழு பேரில் ஒருவருக்குத்தான் அங்கே போக அனுமதி. யார் என்பதை மேடம் சாயங்காலம் சொல்வார்.

"எனக்குக் கொடுங்க மேடம். சின்ன வயசுல நான் இருந்த ஊர். அந்தப் பாலத்தை இன்னொரு தடவை பார்க்கணும்," என்று அண்ணன் கேட்டிருந்தார்.

"அங்க மேட்ச் ஒண்ணும் இல்லையேண்ணே," என்றான் ரேடியோத் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடிப்புப் பயிற்சி. சீட்டுக் குலுக்கியதில் அண்ணனுக்கு வந்தது, 'சண்டையில் கணவனை இழந்த பெண்.' மற்ற ஆறு பேரும் அந்தப் பெண்ணிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

மாதிரிக்கு மேடமே முதல் கேள்வியைப் பலகையில் எழுதினார். 'செய்தி கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?'

அதன் கீழே மற்றவர்களுடையது சேர்ந்தது. யார் மேல் கோபம்? இனி யார் துணை? பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்? அவர் கடைசியாக என்ன பேசினார்? கனவில் வருகிறாரா?

கடைசியாகச் சின்னப்பெண் எழுதினாள். 'மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள்?'

"பல்லு தேய்ச்சேன்னு சொல்லுவாங்க," என்றான் ரேடியோத் தம்பி. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் முன்னால் வந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"சொல்லுங்கம்மா, எப்படி இருந்துச்சு?" மேடம் ஆரம்பித்தார்.

"சீட்டு பள்ளமா இருந்துச்சு," என்றார் அண்ணன். "அவரு நெட்டை, நான் குட்டை. தலையணை போட்டாத்தான் ரோடே தெரிஞ்சுது."

போட்டோக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

டி.வி. பெண் ஒருத்தி கேட்டாள். "இனிமே உங்களுக்கு யாரும்மா துணை?"

"செகண்ட் கியர்தான். அது ஒண்ணுதான் ஒழுங்கா விழுது. மத்ததெல்லாம் எங்க மாமியார் மாதிரி முரண்டு பிடிக்குது."

கோர்ட் பெரியவர் கனைத்துக்கொண்டார். "யார் மேல கோபம்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோட நிக்கிறவன் மேல. இந்தப் பக்கம் நிக்கிறவன் மேல. நான் ஹாரன் அடிச்சா ரெண்டு பேரும் சுடறதை நிறுத்தறானுங்க. பஸ் தாண்டினதும் மறுபடி ஆரம்பிக்கிறானுங்க. பேசாம நாள் பூரா ஹாரன் அடிச்சுக்கிட்டே நின்னுடலாமான்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு அண்ணனே தொடையில் தட்டிச் சிரித்தார். அறையும் சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"போதும் சார். புருஷனைப் பறிகொடுத்தவ இப்படியா பேசுவா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, வாய் நிறைய சிரிப்பு. எல்லாமே உங்களுக்கு விளையாட்டுத்தானா? எந்த நம்பிக்கையில உங்களை அந்த ஊருக்கு அனுப்பறது?"

சிரிப்பு நின்றது. அண்ணன் கைகளை மெதுவாகக் கீழே இறக்கினார். எழுந்து ஸ்வெட்டரை எடுத்து உதறினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காந்துடறேன்."

சின்னப்பெண் தயங்கினாள். பிறகு கேட்டாள். "மறுநாள் காலையில என்ன செஞ்சீங்கம்மா?"

அண்ணன் பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா ஆணியிலேர்ந்து பஸ் சாவியை எடுத்தாங்க. ஸ்கூல் பஸ்ஸு, அப்பா ஓட்டிட்டு இருந்தது. அவரோட சட்டையையே போட்டு, கையை மடிச்சு விட்டுக்கிட்டாங்க. எனக்கு ஒன்பது வயசு. அன்னிக்கு முதல் ஆளா ஏறினது நான்தான். பாலம் தாண்டற வரைக்கும் நான் பயப்படக் கூடாதுன்னு சிரிக்க வச்சுக்கிட்டே ஓட்டினாங்க. தலையணை, கியர், ஹாரன் எல்லாம் அவங்க பேசினதுதான் மேடம். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலை. டீசல் வாசனை வந்தா எனக்கு இன்னிக்கும் சிரிப்புதான் வரும்."

ரேடியோத் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேடம் அனுமதி அட்டையில் அண்ணனின் பெயரை எழுதி, அவர் கையில் கொடுத்தார்.

"அங்க போய் என்ன கேக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை சார்," என்றார். "நாங்கதான் உங்ககிட்ட கத்துக்கணும்."

டஸ்டரை எடுத்துப் பலகைக்குப் போனார். முதலில் தன்னுடைய கேள்வியை அழித்தார். பிறகு அதன் கீழே இருந்த ஐந்தையும் அழித்தார்.

மிச்சம் ஒன்று.