இடுப்பு உயரத்தில் ஒரு கண்ணாடி

கதவு வரை வந்த சிறுமி அங்கேயே நின்றுவிட்டாள்.

அவளை அழைத்துவந்த அம்மா, படிக்கட்டின் ஓரமாக ஒதுங்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அறைக்குள்ளே இருந்தார். எங்களுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவர்.

வராந்தாவில் நாங்கள் ஏழெட்டுப் பேர். கையெல்லாம் பெயின்ட். ஒருவரும் அசையவில்லை.

குடும்ப நீதிமன்றத்தின் மாடியில் இருக்கிறது அந்த அறை. பிரிந்துபோன தம்பதிகளில் பிள்ளை யாரிடம் இல்லையோ, அவர் வாரம் ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகும் இடம். நாங்கள் முதன்முதலில் பார்த்தபோது உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்கு என்றுதான் நினைத்தோம்.

எங்கள் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் வருடத்துக்கு ஒரு வேலையைக் காசு வாங்காமல் செய்யும். போன வருடம் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடப்பவர்களுக்கு ஒரு கூரை. இந்த வருடம் இந்த அறை. வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட முடியாது; இறங்கி வேலையும் செய்ய வேண்டும். முதலாளியின் சட்டம் அது. விடுமுறை நாட்களில் வந்து நாங்களே சுவரைச் சுரண்டினோம், பூசினோம், பலகை அறுத்தோம். வாழ்நாளில் மவுசைத் தவிர வேறெதையும் பிடித்திராத கைகள் பிரஷ் பிடித்தன.

சும்மா சொல்லக்கூடாது. பிரமாதமாகவே செய்திருந்தோம்.

முதலாளிக்கு எங்களுக்குள் ரசமட்டம் என்று பெயர், கொத்தனார் சுவரில் வைத்து மட்டம் பார்க்கும் அந்தக் கருவிதான். சுவரில் ஒரு படம் நூலளவு சாய்ந்திருந்தாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் சொன்னால் சொன்னதுதான். அவரை எதிர்த்துப் பேசி ஜெயித்தது ஒரே ஒரு ஆள். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண். இன்னும் அவளைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

சண்டை இந்தக் கதவால் வந்தது.

கதவில் கண்ணாடி வேண்டும் என்றாள் புதுசு. ரசமட்டம் கத்தினார். “இது என்ன பெட்டிக்கடையா? உள்ள இருக்கறவன் அழுதா போறவன் வர்றவனெல்லாம் பாக்கணுமா?”

“பெரியவங்க உயரத்துல வேணாம் சார். இங்க வைங்க” என்று தன் இடுப்புக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினாள்.

அன்றைக்கு அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தோம். அவள் மேஜை யாருக்கு என்றுகூடப் பேச்சு கிளம்பிவிட்டது. ரசமட்டம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்தக் கதவுக்கு முன்னால்தான் இப்போது சிறுமி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்து மாதக்கணக்காகிறது என்று கீழே குமாஸ்தா சொல்லியிருந்தார்.

எங்களில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் குனிந்து, “போம்மா, அப்பா உள்ளதான்...” என்று ஆரம்பித்தார்.

புதுசு அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். “யாரும் எதுவும் சொல்லாதீங்க. அவளே பாத்துக்குவா.”

அவள் குரலில் துளி சந்தேகம் இல்லை. எனக்கு இருந்தது.

சிறுமி ஓர் அடி முன்னால் போனாள். கண்ணாடியில் மூக்கு நசுங்கும்படி ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

பிறகு கைப்பிடியைத் திருகினாள். உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. என் உயரத்துக்கு அது வெறும் மரக்கதவு. குனிந்து பார்க்க மனசு வரவில்லை. ஒரு ஆணின் குரல் எதையோ சொல்ல வந்து பாதியில் உடைந்தது மட்டும் கேட்டது. படிக்கட்டு ஓரத்தில் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நாங்களும் பெயின்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிக்கொண்டோம். அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்ற பேச்சுகூட வந்துவிட்டது. வேனில் ஏறும்போதுதான் ஏணியை மேலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. எடுத்துவர நான் போனேன்.

வராந்தா பெஞ்சில் ரசமட்டமும் புதுசும் உட்கார்ந்திருந்தார்கள். நான் படியேறி வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

“ஒரு வருஷம் பூரா, சனிக்கிழமை தவறாம, இதே ரூம்ல உக்காந்திருந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் ரசமட்டம். “குழந்தை கதவு வரைக்கும் வந்துச்சு, உள்ள வர இஷ்டமில்லையாம்னு வந்து சொல்லுவாங்க. சரின்னு எழுந்து போயிடுவேன். ஏன்னு ஒரு நாள்கூடக் கேக்கல.”

அவருக்கு ஒரு பிள்ளை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

புதுசு கதவின் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“இஷ்டமில்லாம இல்ல, அப்பா. கதவைத் திறந்து, உள்ள நீங்க இல்லைன்னா என்ன பண்றது? அந்தப் பயத்துலதான் நான் திறக்கவே இல்ல.”

ஏணியை எடுக்காமலேயே நான் இறங்கி வந்துவிட்டேன்.