கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால்

இருநூற்று ஆறு மணி நேரம். நாற்பத்தொரு விநாடிக் காட்சி ஒன்றுக்கு அவள் கொடுத்த நேரம் அது.

அதை எடுத்துவிட முடிவு செய்யக் குழுத்தலைவருக்கு ஒரு மிடறு காபி போதுமாக இருந்தது.

"தூக்கிடலாம்மா. காதல் வேணும்னா சினிமா பார்த்துக்குவான். விளையாட வர்றவன் கையில பட்டன் இருக்கு. பட்டனை வெச்சுக்கிட்டு அவன் சும்மா வேடிக்கை பார்க்கணுமா?"

கூட்ட அறையின் திரையில் அந்தக் காட்சியின் இருவரும் அசையாமல் நின்றிருந்தார்கள். குண்டு விழுந்த கப்பலின் எந்திர அறை. முழங்கால் வரை தண்ணீர். அவன் மெக்கானிக், அவள் ரேடியோ இயக்குபவள். இருபது மணி நேரக் கணினி விளையாட்டில் அவர்கள் சண்டை போடாத இடம் இது ஒன்றுதான்.

இதே விளையாட்டில் கழுத்தை அறுக்க மூன்று விதம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றையாவது எடுக்கலாமா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

அவள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குப் பதில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு வந்த வேலையெல்லாம் கதவு திறப்பதும் பெட்டி உருள்வதும்தான். மனிதர்களை அசைக்கச் சொல்லி அவளை நம்பிக் கொடுத்த முதல் காட்சி இது. இது போனால் மறுபடியும் கதவுகள்.

லேசான வேலையும் இல்லை. ஓர் உடம்பு இன்னொன்றில் பட்டால் அது அடி என்றுதான் இந்த மென்பொருளுக்குத் தெரியும். முதல் தடவை மெக்கானிக் ரேடியோக்காரியின் கன்னத்தைத் தொட்டபோது அவளுடைய உயிரில் பத்துப் புள்ளி குறைந்தது. தொடுவது அடிப்பதல்ல என்று அதற்குப் புரியவைக்கவே நான்கு நாள் ஆயிற்று.

பார்த்துச் செய்ய மாதிரியும் இல்லை. அவள் வீட்டில் யாரும் யாரையும் தொட்டு அவள் கண்டதில்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டைக்கூட விரல் படாமல் ஓரம் பிடித்துத்தான் வாங்குவார்.

அதனால் கண்ணாடி முன் நின்று, தன் கன்னத்துக்குத் தன் கையையே கொண்டுபோய்ப் பார்த்தாள். கை ஒரு விரற்கடை முன்னால் தானாக நின்றது. அதைக் காட்சியில் அப்படியே வைத்தாள். மெக்கானிக்கின் கை நிற்கும். ரேடியோக்காரிதான் கன்னத்தைச் சாய்த்துக் கையில் வைப்பாள். முக்கால் விநாடி. முத்தமெல்லாம் அதற்குப் பிறகு.

"கணக்கைப் பாருங்க சார்" என்று நிரல் எழுதுபவன் மடிக்கணினியைத் திருப்பினான். "விளையாடிப் பார்த்தது இருபத்துநாலு பேர். இருபத்திரண்டு பேர் தாண்டிப் போயிட்டாங்க. ஒருத்தர் அந்த நேரம் பார்த்து பாத்ரூம் போயிட்டார். மிச்சம் ஒருத்தர், நம்ம பதினொண்ணாம் நம்பர். ஒன்பது வாட்டி! பின்னால போய்ப் பின்னால போய்ப் பார்த்திருக்கு. அந்தாளுக்குச் சீக்கிரம் ஒரு பொண்ணு பாருங்கன்னு வீட்ல சொல்லணும்."

மேசையே சிரித்தது. குழுத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை வெளியே கசியக் கூடாது என்று அவரவர் வீட்டிலிருந்தே ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். வந்தவர்கள் கூச்சப்படக் கூடாது என்று பெயருக்குப் பதில் எண். எந்த எண் யார் என்று யாரிடமும் சொல்வதில்லை என்றும் பேச்சு. சீட்டு எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்தது அவள்தான்.

நேற்று சாயங்காலம் பதினொன்றின் பதிவை அவள் தனியாகத் திறந்து பார்த்திருந்தாள். ஒன்பது தடவையும் ஆட்டம் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு தடவை நான்கு நிமிடம் வரை.

"வேடிக்கையா இருந்தாலும் இது நல்லதுக்கில்ல" என்றார் குழுத்தலைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பொம்பளைங்க வந்து போற இடம். அந்தாளை இனிமே கூப்பிட வேண்டாம். யாரும்மா அது? சீட்டு நீதானே எழுதின?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். மறந்துவிட்டது என்று சொல்லலாம். காட்சி போகும், அவ்வளவுதான்.

அவள் எழுந்தாள். நிரல் எழுதுபவனின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, பதினொன்றின் பதிவை ஓடவிட்டாள். திரையில் மெக்கானிக்கின் கை உயர்ந்தது. நின்றது. ஆட்டமும் அங்கேயே நின்றது.

அடுத்த தடவை. அதே இடம். அடுத்த தடவை. அதே இடம்.

"முத்தத்துல நிறுத்தல" என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "ஒரு வாட்டிகூட முத்தம் வரைக்கும் போகல. நல்லா பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. திரையில் கைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி.

"சரி, ஆள் யாருன்னு சொல்லு" என்றார் குழுத்தலைவர்.

ஆட்கள் வந்து விளையாடிப் பார்த்த அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், கதை ஒன்றும் புரியவில்லை, கட்டைவிரல்தான் வலிக்கிறது என்ற பேச்சு. வேறொன்றும் இல்லை. பேருந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அந்த முகத்தை அவள் அன்று சரியாகப் பார்க்கவில்லை.

"அந்தாள் இல்ல சார்" என்றாள். "எங்க அம்மா."