தலை ஆடிக்குப் போன படம்

கதாநாயகன் கையை ஓங்கியதுமே பச்சையப்பன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

எதிர்த்துப் பேசிய கதாநாயகியின் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. கும்மிடிப்பூண்டி தியேட்டரே அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ சீட்டைத் தட்டினார்கள். பொம்பளைக்குத் திமிர் ஆகாது என்று அவன் பேசிய வசனத்தில் பாதி, கைதட்டலில் கேட்கவேயில்லை.

மூன்று மாதம் முன்பு கட்டிக்கொடுத்த மகள் இளமதியைத் தலை ஆடிக்கு அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளை அன்புசெல்வனுக்கு வேட்டி சட்டை, கறி விருந்து எல்லாம் ஆயிற்று. இரும்பு கம்பெனியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பகல் காட்சிக்கு டிக்கெட்டும் அவரே எடுத்திருந்தார். ஓரத்து சீட்டில் மனைவி சந்திரகலா, பக்கத்தில் அவர், அடுத்து மகள், அதற்கு அடுத்து மாப்பிள்ளை.

விசிலடித்த சந்தோஷத்தோடு மகள் பக்கம் திரும்பினார்.

இளமதி திரையைப் பார்க்கவில்லை.

முழங்கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கையை இறக்கினாள். இறக்கிய கையால், பூவைச் சரிசெய்கிறவள்போல் தலையைத் தொட்டுக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அன்புசெல்வன் சிரித்தபடி பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான்.

அதன்பின் ஓடிய படம் எதுவும் பச்சையப்பன் மண்டையில் ஏறவில்லை. திரையில் அடி வாங்கியவளே அவனைத் தேடிப்போய், மலையிலும் பனியிலும் கட்டிப்பிடித்து ஆடினாள்.

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் ஊரான கவரைப்பேட்டைக்கே போய் விசாரித்தவர் அவர். குடிக்க மாட்டான், வேலையில் நல்ல பேர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இடைவேளை விட்டதும் மாப்பிள்ளை டீ வாங்கப் போனான். சந்திரகலா சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. பச்சையப்பன் மகளை மட்டும் வெளியே மாடிப்படி ஓரமாக அழைத்துப்போனார்.

இப்போதே போய் அவன் சட்டையைப் பிடிப்பதா, வீட்டில் வைத்துப் பேசுவதா, மகளைத் திருப்பி அனுப்பாமலே இருந்துவிடுவதா என்று மனது கிடந்து அலைந்தது.

"இன்னாம்மா... மாப்ள உன்மேல கை நீட்டுறாரா?"

அவர் மாடிப்படிக் கம்பியை இறுகப் பிடித்திருப்பதை இளமதி பார்த்தாள். அப்பா அப்படி நிற்பதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து மெல்லத் தடவிக்கொடுத்தாள். பிறகு, ஆறுதல் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"பயப்படாத நைனா. நீ அம்மாவ அடிக்கிற அளவுக்குலாம் இல்ல."